குறைவாகப் போன பில்லும் ஒரு கணியூர்ப் பயணமும்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. வெளியூரில் சின்னத் துணிக்கடை நடத்தும் ஒரு பெண்மணி, ஒரு வியாழக்கிழமை காலை திருப்பூரில் எங்கள் பனியன் ஷோரூமுக்கு வந்து மொத்தமாகச் சரக்கு எடுத்தார்.

2. அதில் குழந்தைகள் பனியன் பன்னிரண்டு பண்டில் இருந்தது. ஒரு பண்டில் என்றால் பத்து பனியன்.

3. பில் போட்ட பெண், பண்டில் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை ஸ்கேன் செய்வதற்குப் பதிலாக, கவருக்குள்ளிருந்து தெரிந்த ஒற்றைப் பனியனின் டேகை ஸ்கேன் செய்தாள். பன்னிரண்டு முறையும் அப்படித்தான். நூற்றிருபது பனியனுக்குப் பதிலாகப் பன்னிரண்டு பனியனுக்கு மட்டும் பில் விழுந்தது.

4. வாடிக்கையாளர் கார்டில் பணம் கட்டினார். பில்லில் இருந்த தொகையும் கார்டில் எடுத்த தொகையும் ஒன்றுதான்.

5. வாசலில் இருந்த செக்யூரிட்டி, பில்லில் ‘குழந்தைகள் பனியன் 12’ என்றிருந்ததைப் பார்த்தார். பையில் பன்னிரண்டு கட்டு இருந்ததை எண்ணினார். முத்திரை குத்தி அனுப்பினார்.

6. ஒரு வாரத்துக்குக் கடையில் யாருக்கும் தெரியவில்லை.

7. தெரிந்த பிறகு எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டோம். நானும்தான்.

அந்தக் கடையில் பில்லிங் பிரிவுக்கும் அதன் கம்ப்யூட்டர்களுக்கும் நான் பொறுப்பாக இருந்தேன். திருமணமாகி ஓசூருக்குப் போவதால் போன மாதம் வேலையிலிருந்து விலகினேன். கிளம்புவதற்கு முந்தைய வாரம் புதிய கார்டு மெஷின்கள் வந்தன. அவை பில்லிங் கம்ப்யூட்டரோடு இணைந்தவை. தொகையைக் கையால் தட்ட வேண்டியதில்லை. பில்லில் உள்ளது தானாக மெஷினில் வந்து நிற்கும். புதிதாகச் சேர்ந்த பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். “அக்கா, இனிமேல் தப்பே வராதில்லீங்க?” என்று ஒருத்தி கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதில் நீண்டுகொண்டே போனதால் எழுதித் தரச் சொன்னார்கள். அதுதான் இது.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ. முதல் வேலை முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில், ஆர்டர் விவரங்களை ஏற்றுவது. அதே முதலாளி ஷோரூம் திறந்தபோது என்னை அங்கே மாற்றினார்கள். பில்லிங் மென்பொருளைப் பழகியது, கவுண்டர் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் வேலையோடு வேலையாக நடந்தது.

கார்டு வாங்கும் கடையில் இரண்டு வகைத் தவறு வரும். முதலாவது, கூடுதலாக எடுத்துவிடுவது. அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. வாடிக்கையாளர் பார்க்கிங்கைத் தாண்டுவதற்குள் போனில் மெசேஜைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார், சத்தம் போடுவார், திருப்பிக் கொடுப்போம். இரண்டாவது, குறைவாக எடுத்துவிடுவது. அதற்கு யாரும் திரும்பி வர மாட்டார்கள். வராதவர் தெரிந்தே வரவில்லையா, தெரியாமல் இருக்கிறாரா என்பதைக் கடைக்குள் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது. அப்போது கடை தனக்குள்ளேயே தேட ஆரம்பிக்கும்.

எங்கள் கடையில் தேடுவது குழந்தைவேலு சாரின் வேலை. அவர்தான் மேனேஜர்.

குழந்தைவேலு சார் ஒருபோதும் குரலை உயர்த்தியதில்லை. திட்டுவதென்றாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார். “நேத்து எப்ப ஊட்டுக்குப் போனீங்க?” என்பார். கொஞ்ச நேரம் கழித்து, “பஸ்ஸு கூட்டமா இருந்துச்சுங்களா?” என்பார். மதியம் சாப்பிடும்போது, “நேத்து மழைக்கு முன்னாடியே ஊடு சேந்துட்டீங்களாட்ட இருக்குது?” என்பார். மூன்று பதிலும் ஒத்துப்போனால் தலையை ஆட்டிக்கொள்வார். ஒத்துப்போகாவிட்டாலும் அதே தலையாட்டல்தான். அதனால் அவர் என்ன நினைக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஊழியர்கள் எல்லோரும் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அவர் கழுத்தில் மட்டும் நான் அதைப் பார்த்ததே இல்லை.

கடையின் லேண்ட்லைன் போன் அவர் மேசையில்தான் இருந்தது. வேறு யாரும் எடுக்கக்கூடாது. யாராவது சொந்தக்காரருக்கு விலை குறைத்துப் பேசிவிடுவார்கள் என்ற பயம். மணி அடித்தால் தானே எடுப்பார். எதிர்முனை “பில்” என்று ஆரம்பித்தாலே, “பில் போட்டது போட்டதுதானுங்க, வித்த சாமான் வாபஸ் இல்லீங்க” என்று பணிவாகச் சொல்லி, ரிசீவரைத் தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல மெதுவாக வைப்பார். கவுண்டர் பெண்கள் அவர் இல்லாதபோது அதை அப்படியே நடித்துக் காட்டுவார்கள். எனக்கும் சிரிப்பு வரும்.

தவறு தெரிந்தது இப்படி. குழந்தைகள் பனியன் வைக்கும் ரேக் காலியாக இருந்தது. கம்ப்யூட்டரோ நூறுக்கு மேல் இருப்பதாகக் காட்டியது. அந்த ரகம் கடைக்கு வந்தது ஒரே ஒரு லாட். அதை மொத்தமாக வாங்கிப் போனவர் ஒரே ஒருவர். பில்லை எடுத்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பில் போட்டது எஸ்தர்.

எஸ்தர் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். கடை நடத்திய விடுதியில்தான் தங்கியிருந்தாள். வேலை போனால் அன்று மாலையே படுக்க இடமும் போகும். அது மட்டுமல்ல. திருப்பூரில் ஒரு கடையிலிருந்து ‘பில்லில் கை வைத்தவள்’ என்று வெளியே அனுப்பப்பட்ட பெண்ணுக்கு இன்னொரு கடையில் கவுண்டர் கிடைக்காது. மேனேஜர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்து கேட்டுக்கொள்வார்கள். எழுதி வைத்த விதி ஒன்றும் இல்லை. ஆனால் அப்படித்தான் நடக்கும்.

நான் குழந்தைவேலு சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டார். எதையும் எழுதவில்லை.

“கார்டுதானுங்களே அம்மிணி? மிச்சத்தையும் அந்தக் கார்டுலயே எடுத்துக்க முடியாதுங்களா?”

“முடியாது சார். நம்மகிட்ட இருக்கறது கடைசி நாலு நம்பர்தான். அவங்களே மறுபடி கார்டை வெச்சு, பின் நம்பர் போட்டாத்தான் எடுக்க முடியும்.”

“பேங்க்ல கேட்டா?”

கேட்டேன். மெஷின் கொடுத்த வங்கியின் உதவி எண்ணில் ஓர் இளைஞர் பேசினார். “பில் தொகையும் கார்டுல எடுத்த தொகையும் ஒண்ணுதானே மேடம்? அப்ப டிரான்சாக்‌ஷன்ல தப்பே இல்லையே. கார்டு யாரோடதுன்னு நாங்க சொல்லக்கூடாது” என்றார். அவர் சொன்னதில் குறை சொல்ல எதுவுமில்லை. கார்டைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகத்தான் நடந்திருந்தது.

மிச்சமிருந்தது ஒரே வழி: பில்லில் பதிவான மொபைல் எண். குழந்தைவேலு சார் தன் செல்போனை எடுத்து, பில்லிங் ஹாலில் நின்றுகொண்டே அந்த எண்ணை அழுத்தினார்.

சுவரோரம் இருந்த இரும்பு லாக்கருக்குள் ஒரு போன் அடித்தது.

வேலை நேரத்தில் எங்கள் போன்களை அந்த லாக்கரில்தான் வைத்திருப்போம். ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சார் இணைப்பைத் துண்டித்தார். மணி நின்றது. மறுபடி அழுத்தினார். மறுபடி அடித்தது.

“இது யாருதுங்க?” என்றார்.

எஸ்தர் கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குவதைப்போல.

இதை இங்கே விளக்க வேண்டும். எங்கள் மென்பொருளில் பத்து இலக்க மொபைல் எண் போடாமல் பில் முடியாது. எண் தர மறுக்கும் வாடிக்கையாளர்கள் தினமும் வருவார்கள். வரிசை நீளும். அப்போது பெண்கள் தங்கள் எண்ணையே தட்டிவிட்டுப் பில்லை முடிப்பார்கள். ஒன்பதைப் பத்து முறை தட்டுவதுதான் பழைய வழக்கம். கம்ப்யூட்டர் அதை ஏற்காமல் தடுத்த பிறகு சொந்த எண்ணுக்கு மாறினார்கள். எல்லாக் கவுண்டர்களிலும் இதே கதைதான். “ஏதோ ஒரு நம்பரைப் போட்டு பில்லை முடிங்க, லைன் நிக்குது பாருங்க” என்று தீபாவளிக் கூட்டத்தில் சொன்னவரும் குழந்தைவேலு சார்தான். அதை நினைவுபடுத்தினேன்.

“சொன்னனுங்க. இல்லைங்கல. ஆனா தப்பான பில்லும் இதுதான், இவ நம்பரும் இதுலதான். அது எப்படீங்க அம்மிணி ஒரே இடத்துல வந்து உக்காருது?”

பிறகு கேமரா பதிவைப் பார்த்தோம். சத்தம் இல்லாத படம். கவுண்டருக்கு வெளியே நின்ற பெண்மணி எதையோ சொல்லிச் சிரிக்கிறார். எஸ்தரும் சிரிக்கிறாள். பெண்மணி எட்டி, எஸ்தரின் கையைப் பிடித்துக்கொள்கிறார். எஸ்தர் மறு கையால் பண்டில்களை ஸ்கேன் செய்கிறாள். ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

சார் திரையை எஸ்தர் பக்கம் திருப்பினார்.

“இவங்க யாருங்க?”

“தெரியாது சார்.”

“எந்த ஊர்ன்னாவது சொன்னாங்களா?”

“ஒண்ணும் சொல்லல சார்.”

“தெரியாதவங்க கையைப் புடிச்சுப் பேசுவாங்களுங்களா?”

எஸ்தர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்குப் பட்டது. சாருக்கும் பட்டிருக்கும். அன்றிலிருந்து அவளைக் கவுண்டரில் உட்கார விடவில்லை. சம்பளத்தை நிறுத்தி வைத்தார்கள். சனிக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்வதாக முதலாளியிடம் சார் சொல்லியிருந்தார். முடிவு என்னவென்று எங்களுக்குத் தெரியும். துணி மடிக்கும் பிரிவில் தீயணைப்பு சிலிண்டர் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அவள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தாள். நேற்றுவரை அவளோடு சாப்பிட்டவர்கள் டிபன் பாக்ஸை வேறு மேசைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

நான் முதலில் பண்டிலைப் பார்த்தேன். முதலிபாளையம் பேக்கிங் பிரிவுக்குப் போன் செய்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. ரேக்கில் விலை தெரியட்டும் என்று, அந்த லாட்டில் மட்டும் பனியனின் டேகை வெளியே பார்க்கிற மாதிரி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பண்டில் ஸ்டிக்கர் பின்பக்கம் போய்விட்டது. கடைக்கு யாரும் சொல்லவில்லை. ஆக, தவறு நடக்க வழி இருந்தது. ஆனால் தவறு நடக்க வழி இருந்ததைத் தெரிந்தே ஒருத்தி பயன்படுத்தியிருந்தாலும் படத்தில் இதே மாதிரிதானே தெரியும்?

மதியம் ஸ்டூல் பக்கத்தில் போய் நின்றேன்.

“எஸ்தர், அவங்களை உனக்குத் தெரியும்தானே?”

“தெரியாதுக்கா.”

“பொய் சொல்ற.”

அவள் தன் கழுத்துச் சங்கிலியில் இருந்த சின்னச் சிலுவையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“சொன்னா நம்புவியளாக்கா? அன்னைக்குத்தான் மொதத் தடவ பாத்தேன். இந்தச் சிலுவையப் பாத்துட்டு எந்தச் சபைக்குப் போறன்னு கேட்டாவ. பொறவு கல்யாணம் ஆயிட்டான்னு கேட்டாவ. அவிய அண்ணன் மவனுக்குப் பொண்ணு பாக்காவளாம். கையப் புடிச்சுப் பாத்துட்டு, ‘வேலை செஞ்ச கை’ன்னு சொன்னாவ. எனக்குச் சிரிப்பு வந்துட்டு.”

“ஊர் சொன்னாங்களா?”

“கணியூராம். பஸ் ஸ்டாப்புல பேக்கரிக்கு எதுத்தாப்ல துணிக்கடையாம். மாப்பிள்ள பாக்கணும்னா வந்து பாருன்னு சொன்னாவ.”

“இதை சார்கிட்ட ஏன் சொல்லல?”

“ஊரு, கட, சபை, மாப்பிள்ள எல்லாத்தையும் சொல்லிட்டு, அவியள எனக்குத் தெரியாதுன்னு சொன்னா யாருக்கா நம்புவா? நீங்க நம்புதியளா?”

அவள் சிக்கல் எனக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. பணத்தைத் திரும்ப வாங்க ஒரே வழி அவளிடம் இருந்தது. அதைச் சொன்னால் கூட்டுக் களவு என்பார்கள். சொல்லாவிட்டால் பணம் வராது. அப்போதும் அதையேதான் சொல்வார்கள்.

நம்புகிறேன் என்று நான் சொல்லவில்லை. “போய்க் கேட்டுட்டு வரலாம்” என்றேன்.

குழந்தைவேலு சாரிடம் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். பேனா மறுபடி கைக்கு வந்தது.

“போறதுன்னா நானும் வர்றனுங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பழைய பஸ் ஸ்டாண்டில் மூவரும் சந்தித்தோம். அவர் கையில் ஒரு மஞ்சள் பை. அதில் பில் நகலும் சிம் போட்ட ஒரு கார்டு மெஷினும் இருந்தன. பஸ்ஸில் ஏறியதும் எங்கள் இருவரிடமும் கையை நீட்டினார்.

“போனைக் குடுங்க கண்ணுகளா. பத்திரமா வெச்சிருக்கறேன்.”

“எதுக்கு சார்?” என்றேன்.

“போற வழியில யாராச்சும் அங்க போன் பண்ணி, இப்படிச் சொல்லுங்க அப்படிச் சொல்லுங்கன்னா? நான் உங்களைச் சொல்லலீங்க. பொதுவாச் சொல்றேன்.”

என் போனையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அவர் என்னையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. எங்களுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தார். உடுமலை வரை எஸ்தரும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் முன்னால் குனிந்து கேட்டிருப்பார். மடத்துக்குளத்தில் பஸ் மாறினோம்.

கணியூரில் பேக்கரி இருந்தது. எதிரில் துணிக்கடையும் இருந்தது. வாசலில் எங்கள் பனியன்கள் கொடியில் தொங்கின. உள்ளே அந்தப் பெண்மணி ஒரு சிறுமிக்குப் பாவாடை அளந்துகொண்டிருந்தார். எஸ்தரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அட, வந்துட்டயா கண்ணு! கூட இவங்க யாரு, அப்பாவா?”

“அப்பா இல்லீங்க. நான் கடை மேனேஜருங்க” என்று குழந்தைவேலு சார் முன்னால் வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். பில்லில் ஒரு சின்னப் பிசகு, பாக்கித் தொகையைக் கட்டினால் போதும், கார்டு மெஷின் கையோடு கொண்டுவந்திருக்கிறோம் என்றார். பேசிக்கொண்டே பையிலிருந்து மெஷினை எடுத்து மேசை மேல் வைத்தார்.

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. மெஷினையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங்க, யாரு வந்து கேட்டாலும் கார்டைக் குடுக்காதீங்கன்னு பேங்க்ல படிச்சுப் படிச்சுச் சொல்றாங்க. ஊடு தேடி மிசினோட வர்றவங்களை நான் இப்பத்தான் பாக்கறேன். உங்க ஐடி கார்டைக் காட்டுங்க.”

குழந்தைவேலு சார் சட்டைப் பையைத் தடவினார். எஸ்தரும் நானும் எங்கள் அட்டைகளை எடுத்துக் காட்டினோம். அவர் இன்னும் தடவிக்கொண்டிருந்தார்.

“இவரு உங்க மேனேஜர்தானா கண்ணு?” என்று அந்த அம்மா எஸ்தரைக் கேட்டார்.

எஸ்தர் அவரைப் பார்த்தாள். ஒரு கணம் தாமதித்தாள். அந்தத் தாமதத்தை அவள் ரசித்தாள் என்றே நினைக்கிறேன்.

“ஆமாம்மா. எங்க சார்தான்.”

சார் மறுபடி ஆரம்பித்தார். “நீங்களும் கடை வெச்சிருக்கறீங்க. பன்னெண்டு பனியனுக்குப் பில்லைக் குடுத்துப் பன்னெண்டு பண்டில் வந்தா, உங்களுக்குத் தெரியாமயாங்க போகும்?”

“தெரிஞ்சுதுங்க. வந்தன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சுது. அடுத்த நா காலைல, பில்லுல கடை பேருக்குக் கீழ இருந்த நம்பருக்குப் போன் பண்ணுனேன்.”

“யாரு பேசுனாங்க?”

“ஒரு ஆம்பளைங்க. ‘பில்லுல’ன்னு வாயைத் தொறந்தேன். ‘பில் போட்டது போட்டதுதானுங்க, வித்த சாமான் வாபஸ் இல்லீங்க’ன்னு சொல்லி வெச்சுட்டாரு. நான் எங்கீங்க வாபஸ் கேட்டேன்? திருப்பிக் கூப்புட்டேன். அதையே சொல்லித் திருப்பி வெச்சுட்டாரு. சரி, பெரிய கடை, அவிங்களுக்கே வேண்டாமாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன்.”

சிறுமி பாவாடையைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“நேர்ல வந்து சொல்லியிருக்கலாமுங்களே” என்றார் சார். குரல் இறங்கியிருந்தது.

அந்த அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு எஸ்தர் பக்கம் திரும்பினார்.

“கண்ணு, இந்தக் குரலேதான். ‘லாமுங்களே’ன்னு இழுக்கறாரு பாரு, அதே இழுவைதான். நேர்ல வரச் சொல்றாரே, பஸ்ஸுக்குக் காசு இவரு தருவாரா?”

எஸ்தர் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். நான் வெளியே பேக்கரியைப் பார்த்தேன்.

அந்த மெஷினில் அவர் கார்டை வைக்கவே இல்லை. பணம் தர மறுக்கவும் இல்லை. நான் மூன்று வழிகளைச் சொன்னேன்: பழைய பில்லை ரத்து செய்து, பணத்தைக் கார்டுக்கே திருப்பிவிட்டு, முழுத் தொகைக்குப் புதுப் பில் போடலாம், விடுபட்ட பனியன்களுக்கு மட்டும் தனிப் பில் போடலாம், விற்காத சரக்கைத் திருப்பித் தரலாம். அவர் யோசித்து, நூற்றிருபது பனியன் தன் கடைக்கு அதிகம் என்றும் பாதியைத் திருப்பித் தந்துவிட்டு மீதிக்குத் தனிப் பில் வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். எல்லாம் உங்கள் கடைக்கு வந்து, கவுண்டரில்தான் என்றார். “இந்தப் புள்ளை கவுண்டர்லதான்” என்று சேர்த்துக்கொண்டார். எங்களுக்கு டீ சொன்னார். சாருக்கும் சேர்த்துத்தான்.

திரும்பும் பஸ்ஸில் குழந்தைவேலு சார் போன்களைத் திருப்பிக் கொடுத்தார். பின் இருக்கையில்தான் உட்கார்ந்தார். உடுமலை தாண்டியதும் முன்னால் குனிந்தார். எஸ்தர் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். அல்லது கண்ணை மூடியிருந்தாள்.

“அம்மிணி, நான் போன்ல சொல்றது கடைப் புள்ளைங்க எல்லாத்துக்கும் மனப்பாடம்தானுங்களே? அதை இவ அந்தம்மாவுக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்திருந்தா?”

எனக்கும் அந்த நினைப்பு வந்திருந்தது. கணியூர்க் கடையில் நின்றுகொண்டிருக்கும்போதே வந்தது. அதனால் கோபப்பட எனக்கு உரிமையில்லை என்று நினைத்தேன். ஆனால் அதைத் தீர்க்கக்கூடிய ஒருவர் என் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

“சார், அப்படி ஒரு போன் வந்துச்சா, இல்லையா? அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.”

அவர் பின்னால் சாய்ந்துகொண்டார். பல்லடம் வந்தது. பாதிப் பஸ் இறங்கியது, வேறு பாதி ஏறியது. வடநாட்டுத் தொழிலாளர்கள் சிலர் மூட்டைகளோடு எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். பஸ் கிளம்பிய பிறகுதான் அவர் பேசினார்.

“ஒரு பொம்பளைக் குரலு வந்துச்சுங்க. ரெண்டு தடவை.”

மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. ஆனால் சனிக்கிழமை காலை முதலாளி அறைக்குள் போய், என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, அந்த ஒரு வாக்கியத்தை மறுபடி சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதற்காக அவர் மேல் எனக்கு இன்றும் மதிப்புண்டு. பயமும் உண்டு.

புதிய பெண்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். புது மெஷின் தொகையைப் பிசகாமல் எடுத்துச் செல்லும். பில்லில் பிசகு இருந்தால் அந்தப் பிசகையும் பிசகாமல் எடுத்துச் செல்லும். அதனால் பண்டிலைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் எண்ணை வாடிக்கையாளர் எண்ணாக ஒருபோதும் போடாதீர்கள். யாராவது கையைப் பிடித்துப் பேசினால் பேசுங்கள்; ஸ்கேனரைக் கீழே வைத்துவிட்டுப் பேசுங்கள். குறைவாகப் போய்விட்டது தெரிந்தால் உடனே சொல்லுங்கள். ஒளித்த ஒரு விஷயம் மற்ற எல்லாவற்றையும் பொய்யாகக் காட்டிவிடும். எஸ்தர் ஒளித்தது ஒரு மாப்பிள்ளைப் பேச்சை மட்டும்தான்.

இப்போதைய நிலை இது. கணியூர் அம்மா சொன்னபடி வந்து, பாதியைத் திருப்பிக் கொடுத்து, மீதிக்கு எஸ்தரின் கவுண்டரில் கார்டில் கட்டினார். எஸ்தரின் சம்பளம் விடுவிக்கப்பட்டது. அந்த மாப்பிள்ளையை அவள் பார்க்கப் போகவில்லை. மொபைல் எண் இல்லாமலும் இப்போது பில் முடியும். வாசலில் கட்டுகளை எண்ணுவதில்லை, பனியன்களை எண்ணுகிறார்கள். நான் விலகிய பிறகு பில்லிங் பொறுப்பு எஸ்தருக்கு வந்திருக்கிறது. லேண்ட்லைன் போன் அவள் மேசையில் இருக்கிறது. அந்த மேசையைப் பார்த்தபடி குழந்தைவேலு சார் ஒரு புதிய கேமரா மாட்டியிருக்கிறார்.